ஏறியதும் துள்ளி உதறும் குதிரை: காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஒத்தக்கடைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். யானைமலை அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு தென்னந்தோப்பு இருக்கிறது. சிறு வயது முதல் இருந்த ஆசையால், சென்ற ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஆறு வயதுக் குதிரை ஒன்றை வாங்கி வந்தேன். மார்வாரிக் கலப்பு, காயடித்த ஆண், செவலை நிறம். முன்பு வண்டியில் ஓடிய குதிரை என்றும், இப்போது சேணம் போட்டுச் சவாரிக்குப் பழக்கியாயிற்று என்றும், சின்னப் பிள்ளைகள்கூட ஏறலாம் என்றும் விற்றவர் சொன்னார்.

முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. பிறகு, ஏறிப் பத்து நிமிடம் ஆனதும், இடப்பக்கமாக வட்டத்தில் ஓட்டும்போது, ட்ராட்டிலிருந்து (துரித நடை) கேண்டருக்கு (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) தூண்டினால், தலையை முன்னங்கால்களுக்கு நடுவே இறக்கி, முதுகை வில்லாக வளைத்து, பின்னங்கால் இரண்டையும் வானத்துக்கு வீசத் தொடங்கியது. இரண்டு முறை விழுந்துவிட்டேன். இரண்டாவது முறை காறை எலும்பில் கீறல் விட்டு, ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

அந்த ஆறு வாரத்தில்தான் பெரிய தவறு செய்தேன். குதிரை பழக்குவதாகச் சொன்ன ஒருவரிடம் பதினைந்து நாள் விட்டேன். அவர் முறுக்குக் கம்பிக் கடிவாளம் மாட்டி, துள்ளும்போதெல்லாம் அடித்திருக்கிறார். திரும்பி வந்த குதிரையின் கடைவாயில் புண் இருந்தது. இப்போது நான் சேணத்தைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தாலே காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நிற்கிறது. வீட்டில் எல்லோரும் விற்றுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இது குணக்கேடா, பழக்கக்கேடா, வேறு ஏதேனுமா என்று தெரிந்துகொள்ளாமல் விற்றால், அடுத்து ஏறுகிறவர் கழுத்து முறியலாம் என்ற கவலையும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மாசிவீதிப் பெரியவர்

தம்பி, கை தேறிவிட்டதா? முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காறை எலும்பு முழுவதும் கூடுவதற்கு முன் ஏற வேண்டாம்.

நாற்பது ஆண்டுகளாகக் குதிரைகளோடு இருக்கிறேன். நம் ஊரில் குதிரை செய்யும் எல்லாவற்றையும் "எகிறுது" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். முன்னங்காலைத் தூக்கிச் செங்குத்தாக நிற்பது ஒன்று. நின்ற இடத்தில் ஒரு காலால் உதைப்பது இன்னொன்று. மிரண்டு, கடிவாளத்துக்குக் கட்டுப்படாமல் நேராக ஓடுவது வேறு. நீங்கள் விவரித்திருப்பது, தலையைத் தாழ்த்தி முதுகை உயர்த்திப் பின்புறத்தை வீசும் துள்ளல். இவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. துள்ளி உதறுவது, முதுகின்மேல் இருப்பதைக் கீழே தள்ளுவதற்காகக் குதிரை இனம் கைக்கொண்ட வழி. காட்டில் முதுகில் பாய்ந்த வேங்கையை உதறவும் அதே அசைவுதான். ஆகவே "முதுகின்மேல் இருக்கும் எதை இந்தக் குதிரை உதற நினைக்கிறது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

சில விவரங்கள் வேண்டும். சேணம் இல்லாமல் வட்டக் கயிற்றில் (நீண்ட கயிற்றில் பிடித்து, நம்மைச் சுற்றி வட்டமாக) ஓடவிட்டால் துள்ளுகிறதா? சேணம் மட்டும் வைத்து, ஆள் ஏறாமல் ஓடவிட்டால்? வலப்பக்க வட்டத்தில் கேண்டர் எடுக்கும்போது? வயிற்று வாரை இழுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கட்டியிருக்கிறது? என்ன தீனி? இவற்றுக்கு விடை கிடைத்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

மேலூர் ரேக்ளா பிரியன்

நான் மாற்றிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். முதல் மாதம் நன்றாக ஓடிய குதிரைக்குத் திடீரென்று நோய் எங்கிருந்து வரும்? ஒரு முறை துள்ளி ஆளைத் தள்ளியிருக்கிறது. ஆள் விழுந்ததும் அன்றைய வேலை முடிந்துவிட்டது. துள்ளினால் ஓய்வு என்று கற்றுக்கொண்டது. இதற்குக் கண்டிப்புத்தான் வழி. அடித்தவர் முறை தவறி அடித்திருக்கலாம். அதற்காகக் கண்டிப்பே கூடாது என்று ஆகிவிடாது. கொள்ளும் கடலையும் தின்றுவிட்டு நிற்கும் குதிரைக்கு உடல் சூடு ஏறித் திமிர் வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். வாங்கும்போது சுழி பார்த்தீர்களா? நெற்றியில் எத்தனை சுழி, சேணம் படும் இடத்தில் சுழி உண்டா என்று பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் குதிரைக்குக் கைப்பணம் கொடுக்க மாட்டார்கள்.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

துள்ளினால் ஓய்வு கிடைக்கும் என்று குதிரை கற்றுக்கொள்கிறது என ரேக்ளா பிரியன் சொன்னது உண்மை. ஆனால் முதல் துள்ளல் எதனால் வந்தது என்பது அதில் விளங்கவில்லை. பெரும்பாலான குதிரைகள் காரணமின்றித் துள்ளத் தொடங்குவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த குதிரை புதிதாகத் துள்ளத் தொடங்கினால், வலி இல்லை என்று உறுதியாகும் வரை வலி இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. சுழி, மயிர் எந்தத் திசையில் வளர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். முதுகில் வலிக்கிறதா என்பதைச் சொல்லாது. அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. சுழி தேடும் அதே நேரத்தில் இரண்டு விரலால் முதுகை அழுத்திப் பார்த்தால் பல குதிரைகள் தப்பிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரிட்டனைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018இல், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளை வரையறுத்து வெளியிட்டார்கள். காதைப் பின்னால் மடக்குவது, வாயைத் திறந்து கடிவாளத்துக்கு முரண்டுவது, வாலைச் சுழற்றுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, நடை மாற்றத் தயங்குவது, துள்ளி உதறுவது எல்லாம் அதில் அடங்கும். 24இல் எட்டோ அதற்கு மேலோ ஒரே சவாரியில் தென்பட்டால், எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பது அவர்கள் கண்டது. உங்கள் குதிரையை யாராவது ஓட்டும்போது அலைபேசியில் படம் எடுத்து, பிறகு நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஏறியிருப்பவருக்கு இவற்றில் பாதி தெரியாது.

நீங்கள் எழுதியதில் என் கவனத்தை இழுத்தது "இடப்பக்க வட்டம், கேண்டர்" என்பதுதான். இடப்பக்கக் கேண்டரில் ஒவ்வொரு அடியையும் தொடங்கி, உடலை முன்னே தள்ளுவது வலப் பின்னங்கால். அந்தக் காலிலோ, இடுப்பெலும்பு முதுகுத்தண்டோடு சேரும் மூட்டிலோ வலி இருந்தால், நடையிலும் ட்ராட்டிலும் மறைந்திருந்து கேண்டரில் வெளிப்படும். இது ஒரு வாய்ப்பு. சேணத்தின் அழுத்தம் இரண்டாவது. குதிரைக்கு மார்பு முதுகெலும்புகள் 18, இடுப்பு முதுகெலும்புகள் பெரும்பாலும் 6. சேணம் கடைசி விலா எலும்போடு நின்றுவிட வேண்டும். அதற்குப் பின்னால் சுமை விழுந்தால், விலாவின் தாங்கல் இல்லாத இடுப்புப் பகுதி அதைச் சுமக்கிறது. முதுகெலும்பின் மேல்முட்கள் ஒன்றையொன்று உரசும் நோயும் பெரும்பாலும் சேணம் அமரும் இடத்தில்தான் வருகிறது. ஆனால் எக்ஸ்ரேயில் உரசல் தெரியும் எல்லாக் குதிரைகளுக்கும் வலி இருப்பதில்லை. படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது இரைப்பைப் புண். மனிதனுக்கு உணவைக் கண்டால் அமிலம் சுரக்கிறது என்றால், குதிரைக்கு இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. வெறும் வயிற்றோடு ஓடும் குதிரையின் இரைப்பையில் அமிலம் அலைபோல் மேலெழும்பி, காப்புப் படலம் இல்லாத மேல்பகுதியில் படுகிறது. வயிற்று வாரை இறுக்கும்போது முகம் சுளிப்பதும், கேண்டரில் துள்ளுவதும் இதன் அடையாளமாகவும் இருக்கலாம். பல், குளம்பு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் புண் ஆறும் வரை வாயில் எந்தக் கடிவாளமும் வேண்டாம்.

ஒத்தக்கடைக்காரன்

இரண்டு நாள் பொறுமையாகக் கவனித்துவிட்டு எழுதுகிறேன்.

சேணம் இல்லாமல் வட்டக் கயிற்றில் இரண்டு பக்கமும் கேண்டர் எடுத்தது; துள்ளவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் தயங்கி எடுத்தது. சேணத்தை மட்டும் வைத்து ஓடவிட்டபோது இடப்பக்கம் இரண்டு முறை துள்ளியது, வலப்பக்கம் இல்லை. வாரை இழுத்தபோது திரும்பிப் பார்த்துப் பல்லைக் கடித்தது.

பிறகு பெரியவர் போன்றோர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்த ஒன்றைச் செய்தேன். சேணத்தின் அடியில் மெத்தையைத் தவிர்த்து மெல்லிய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை மட்டும் விரித்து, கால் மணி நேரம் கயிற்றில் ஓடவிட்டு அவிழ்த்தேன். துண்டில் வியர்வையும் செம்மண்ணும் சேர்ந்து பழுப்பு நிறத்தில் சேணத்தின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. அதன் நடுவே, தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகவே இருந்தது. குதிரையின் முதுகைத் தடவினேன். சுற்றிலும் மயிர் நனைந்து ஒட்டியிருக்க, அந்த இரண்டு இடமும் காய்ந்து, தொட்டால் சூடாக இருந்தன. வலப்பக்கத்தில் மயிரைப் பிரித்துப் பார்த்தால் ஏழெட்டு வெள்ளை மயிர்கள் புதிதாக முளைத்திருந்தன. அங்கே விரல் வைத்ததும் முதுகை நழுவவிட்டுக் கீழே தாழ்த்திக்கொண்டது. நெடுநேரம் அங்கேயே நின்றேன். இந்த இடத்தின் மேல் என் 78 கிலோ எடையை வைத்துத்தான் இத்தனை நாள் "ஓடு, ஓடு" என்று குதிகாலால் குத்தியிருக்கிறேன்.

தீனி: காலையில் இரண்டு கிலோ ஊறவைத்த கொள், மாலையில் ஒன்றரைக் கிலோ கம்பும் கோதுமைத் தவிடும், இரவில் ஒரு கட்டு வைக்கோல், வெட்டிய கோ-4 புல். தோப்பில் வேலி இல்லாததால் ஒரு மணி நேரச் சவாரி தவிர நாள் முழுவதும் கட்டுத்தறியில்தான் நிற்கிறது.

மாசிவீதிப் பெரியவர்

அந்தக் காய்ந்த இடம்தான் விடையின் பெரும் பங்கு, தம்பி. அழுத்தம் அளவுக்கு மீறும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வியர்வைச் சுரப்பி வேலை செய்யாது. வெள்ளை மயிர் முளைப்பது தோல் பழுதுபட்டதன் தழும்பு. சேணம் முதுகையே தொடாமல் பாலம் போல நிற்கும் இடத்திலும் காய்ந்த திட்டு தெரியும் என்பதால் அதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. ஆனால் சூடும் வெள்ளை மயிரும் தொட்டால் நழுவுவதும் சேர்ந்து இருப்பதால் உங்கள் விஷயத்தில் ஐயமில்லை.

சேணத்தை மெத்தையில்லாமல் வெறும் முதுகில் வைத்து மூன்று இடம் பாருங்கள். முன்பக்கம், திமிலெலும்புக்கும் (கழுத்து முதுகோடு சேரும் மேடு) சேணத்தின் வளைவுக்கும் நடுவே, ஆள் ஏறிய பிறகும் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால், முதுகுத்தண்டின் நேர்மேலே முழு நீளத்துக்கும் வெளிச்சம் தெரிய வேண்டும். தோள்பட்டைக்குப் பின்னால் கையை விட்டால் இறுக்கம் சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் விரல் நசுங்கினால் அங்கே சட்டம் குறுகல். குறுகலான சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தையைத் திணிப்பது, கடிக்கும் செருப்புக்குள் இரண்டு காலுறை போடுவதற்குச் சமம். நம் பக்கத்தில் கிடைக்கும் சேணங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மார்வாரி, கத்தியவார் குதிரைகளின் முதுகும் பந்தயக் குதிரையின் முதுகும் ஒரே வடிவம் அல்ல. நாட்டு மட்டக்குதிரையின் உருண்டை முதுகு இன்னும் வேறு. குதிரையை அழைத்துப் போய்ச் சேணம் வாங்க முடியாது என்றால், வளைத்தால் நிற்கும் ஈயக் கம்பியைத் தோளுக்குப் பின்னால் முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி, அந்த வடிவத்தை அட்டையில் வரைந்து எடுத்துப் போகலாம். நான் அப்படித்தான் செய்வேன்.

எடையையும் கவனிக்க வேண்டும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்கள் குதிரை 380 கிலோ இருந்தால் 76 கிலோ வரை. நீங்களும் சேணமும் சேர்ந்தால் 85 கிலோவைத் தாண்டும். ஆகவே இலேசான சேணமாகப் பாருங்கள், சவாரியைச் சுருக்கிக்கொள்ளுங்கள், உங்களால் முடிந்தால் எடையையும் கொஞ்சம் குறையுங்கள்.

மேலூர் ரேக்ளா பிரியன்

வேட்டித் துண்டில் பதிந்ததைப் படித்த பிறகு, கண்டிப்பு என்று முதலில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேற்று எங்கள் லாயத்தில் இருக்கும் மூன்று குதிரைகளின் முதுகையும் நுகத்தடி வார் படும் இடத்தையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுக்கு வால் வார் உரசி, வாலின் அடியில் தோல் வழண்டிருந்தது. ஒரு மாதமாக அது பின்னங்காலை வீசுகிறது என்று என் தம்பி திட்டிக்கொண்டிருந்தான்.

வண்டிக் குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை இங்கு வேறு யாரும் சொல்லவில்லை. பந்தய வண்டியில் ஓடிய குதிரைக்கு உத்தரவு பின்னாலிருந்து வரும். குரல், கயிறு, சாட்டை ஆகிய மூன்றும் அதற்குத் தெரியும். விலாவில் கால் படுவது என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. நீங்கள் கேண்டருக்காகக் குதிகாலால் தொடும்போது, அது முன்னே போகச் சொல்லும் குறிப்பு என்று அறியாமல், ஏதோ வயிற்றைக் குத்துகிறது என்றே எடுத்துக்கொள்ளும். மேலும், எங்கள் குதிரைகள் கண்பட்டை கட்டியே ஓடுகின்றன; பக்கவாட்டிலும் பின்னாலும் இருப்பது தெரியாது. அந்தப் பட்டை இல்லாமல், தலைக்கு மேலே பின்புறமாக ஓர் ஆள் உருவம் அசைவதை முதன்முதலாகப் பார்க்கும் குதிரை மிரளாமல் இருந்தால்தான் வியப்பு. சந்தையில் விற்பவர் இரண்டு நாள் ஏறிக் காட்டிவிட்டுச் "சவாரிக் குதிரை" என்பார். பழக்க எடுக்க வேண்டிய மாதங்கள் அதில் இருக்காது.

ஆகவே முதுகு ஆறிய பிறகு, வயதான குதிரையாக நினைக்காமல், புதிதாகப் பழக்கும் இரண்டரை வயதுக் குட்டியாக நினைத்து முதலிலிருந்து தொடங்குங்கள். தரையில் நின்றபடி, அதற்குத் தெரிந்த குரல் சொல்லை முதலில் சொல்லி, உடனே விலாவில் கையால் மெல்லத் தொடுங்கள். முன்னே ஓரடி வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். குரலும் தொடுதலும் ஒன்று என்று அதற்குப் பிடிபட வேண்டும்.

கீழக்குயில்குடி மாணவி

ஐயா, நான் ஓராண்டாகத்தான் சவாரி கற்றுக்கொள்கிறேன். காரணம் கண்டுபிடிப்பது பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும்போது துள்ளத் தொடங்கிவிட்டால் அந்த ஐந்து நொடியில் என்ன செய்ய வேண்டும்? எனக்குப் பயிற்சி தருபவர் "லகானை இழுத்துப் பிடி" என்கிறார். இழுத்தபோது இன்னும் மோசமாகத் துள்ளியது.

மாசிவீதிப் பெரியவர்

அம்மா, நல்ல கேள்வி. குதிரை பலமாகத் துள்ள வேண்டுமென்றால் தலையைத் தாழ்த்தியாக வேண்டும், கிட்டத்தட்ட நின்றுவிடவும் வேண்டும். வேகமாக முன்னே போய்க்கொண்டிருக்கும் குதிரையால் முதுகை முழுவதும் வளைக்க முடியாது. ஆகவே இரண்டு லகானையும் ஒன்றாகப் பின்னால் இழுத்தால், அதை நிறுத்திவைத்துத் துள்ள நாமே வசதி செய்து கொடுக்கிறோம். பிடிமானத்துக்கு ஓர் எதிர்விசையும் கிடைத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: தோளைப் பின்னால் வைத்து நிமிர்ந்து உட்காருங்கள், பார்வையைக் குதிரையின் காதுக்கு மேலே தூரத்தில் வையுங்கள், குதிகாலைக் கீழே அழுத்துங்கள். கீழே பார்த்தால் உடல் முன்னே சாய்ந்து, அடுத்த துள்ளலில் தலைக்கு மேல் பறப்பீர்கள். ஒரு கையால் சேணத்தின் முன் வாரைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். மற்ற கையால் ஒரு பக்க லகானை மட்டும் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் எடுத்து, மூக்கைத் திருப்பிச் சிறு வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். திரும்பும்போது பின்னங்கால்கள் ஒன்றையொன்று தாண்டி வைக்க வேண்டியிருப்பதால், இரண்டையும் சேர்த்து வீசும் பலம் குறைந்துவிடும். வேகத்தில் திடீரென்று திருப்பினால் குதிரையே கால் தடுக்கி விழக்கூடும். ஆகவே வெட்டி இழுக்காமல், படிப்படியாகத் திருப்ப வேண்டும். இந்த ஒரு பக்கத் திருப்பலை நின்ற நிலையிலும் நடையிலும் நூறு முறை பழக்கியிருந்தால்தான் ஆபத்தில் கைகொடுக்கும்.

அடங்கியதும் உடனே இறங்கிவிடாதீர்கள். பத்தடி அமைதியாக நடத்தி, ஒரு திருப்பம் செய்வித்து, பிறகு இறங்குங்கள். ரேக்ளா பிரியன் முதலில் சொன்ன பாடத்தைக் குதிரை கற்றுக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. ஆனால் வலியோடு துள்ளுகிறது என்று ஐயம் இருந்தால் இறங்குவதே சரி. தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது. அங்கவடியில் (கால் வைக்கும் வளையம்) கால் சிக்காதபடி குதிகால் வைத்த, அடி வழுவழுப்பான காலணி போட வேண்டும். தோல் செருப்போடும் விளையாட்டுக் காலணியோடும் நம் பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

கால்நடை மருத்துவர், திருமங்கலம்

தீனிப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டியவை உள்ளன. 380 கிலோ குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு, அதாவது ஆறு முதல் ஏழரைக் கிலோ வரை உலர்ந்த கணக்கில் நார்த்தீவனம் தின்ன வேண்டும். உங்கள் குதிரை ஒரு மணி நேர வேலைக்கு மூன்றரைக் கிலோ தானியமும் தவிடும் தின்கிறது, நாரோ குறைவு, மீதி நேரமெல்லாம் வெறும் வாயோடு நிற்கிறது. மேய விட்டால் ஒரு நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும் உயிர் அது. தெம்பு மிகுந்து துள்ளுவது ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம் என்று இரண்டுக்கும் இதே வேர்.

கோ-4 பற்றி ஓர் எச்சரிக்கை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பால்மாட்டுக்கு அருமையானது. அதில் உள்ள ஆக்சலேட் குதிரையின் குடலில் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டையும் சேர்த்துப் பல மாதம் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு உருவப்பட்டு, இடம் மாறி மாறி நொண்டும், முகவெலும்பு வீங்கும். தவிட்டை நிறுத்துங்கள், கோ-4ஐப் படிப்படியாகக் குறைத்து அருகு, நன்கு காய்ந்த கடலைக்கொடி ஆகியவற்றுக்கு மாறுங்கள். கடலைக்கொடியில் பூஞ்சணம் இருந்தால் கொடுக்க வேண்டாம். எந்த மாற்றத்தையும் பத்து நாளாவது எடுத்துச் செய்யுங்கள். திடீர் மாற்றம் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். சவாரிக்கு அரை மணி நேரம் முன் இரண்டு கை காய்ந்த புல் போட்டால், அது இரைப்பையில் மிதந்து அமிலம் தெறிப்பதைத் தடுக்கும்.

வலிமருந்து வாங்கி நீங்களாகப் போட வேண்டாம். குதிரைக்குத் தரும் சில வலிமருந்துகள் இரைப்பைப் புண்ணை மிகுதியாக்கும். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரலாற்று ஆசிரியை, அவனியாபுரம்

தீனி பற்றிப் படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல் கடந்து இங்கு வந்ததாகவும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றுள் மிகப் பல ஓராண்டுக்குள் இறந்ததாகவும், அரிசிச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். அயலார் ஒருவரின் பார்வைதான் என்றாலும், நரியைப் பரியாக்கிய கதையை ஆவணி மூலத்தில் ஆண்டுதோறும் நடத்திக்காட்டும் நம் ஊரில், மாட்டின் தீனியைக் குதிரைக்குப் போடும் பழக்கம் இன்னும் மாறவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

ஒத்தக்கடைக்காரன்

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

மருத்துவமனையில் வலப் பின்னங்காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூட்டில் நோய் இல்லை. ஆனால் லாடம் அடித்து மூன்று மாதம் ஆகியிருந்ததால் குளம்பு முன்னால் நீண்டு குதிப்பகுதி தாழ்ந்துபோயிருந்தது. திருத்தி லாடம் மாற்றினோம். இனி ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று நாட்காட்டியில் குறித்துவிட்டேன். மேல் கடைவாய்ப் பல்லில் இடப்பக்கம் கூர்முனை வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது, அதை அராவினார்கள். இரைப்பைக்கு நான்கு வாரம் மருந்து கொடுத்தோம். முதுகுக்கு ஐந்து வாரம் முழு ஓய்வு. அந்த நாட்களில் தோப்பின் ஒரு பகுதிக்கு மூங்கில் வேலி போட்டு, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அவிழ்த்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தார் ஒரு வெள்ளாட்டைத் துணைக்கு விட்டார்கள். முதல் மூன்று நாள் வேலிக்குள் பாய்ந்து பாய்ந்து தானாகவே துள்ளியது. கழுத்தைச் சிலிர்த்து, வாலைத் தூக்கி, காலை வீசி ஓடிய அந்தத் துள்ளலில் காது முன்னோக்கி இருந்தது. நான் மேலே இருந்தபோது கண்டதும் இதுவும் ஒரே அசைவு என்றாலும் முகம் வேறாக இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

ஆறாவது வாரம் ரேக்ளா பிரியன் அண்ணன் மேலூரிலிருந்து நேரில் வந்து, தரைப் பழக்கத்தை மூன்று நாள் கற்றுக்கொடுத்தார். ஈயக் கம்பியில் எடுத்த அளவைக் கொண்டு, அகலமான சட்டம் உள்ள பழைய சேணம் ஒன்றை வாங்கினோம். சேணத்தைக் காட்டி, முகரவிட்டு, முதுகில் வைத்து உடனே எடுத்து, மறுபடி வைத்து என்று அதற்கே நான்கு நாள் ஆயிற்று. வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒரு துளை, சில அடி நடை, மறுதுளை என்று இறுக்குகிறேன். கடிவாளம் நடுவில் இணைப்புள்ள சாதாரண வழவழப்பான இரும்புக் கடிவாளம்.

நேற்று முன்தினம் ஏறினேன். திண்ணை உயரத்துக்குக் கல் அடுக்கி அதிலிருந்துதான் ஏறுகிறேன். தரையிலிருந்து ஏறினால் சேணம் ஒரு பக்கம் இழுத்து முதுகைத் திருகும் என்று பெரியவர் தொலைபேசியில் சொன்னார். வலப்பக்கம் கேண்டர் எளிதாக எடுத்தது. இடப்பக்கம் முதல் முறை தலையைத் தாழ்த்தத் தொடங்கியது. ஒரு பக்க லகானை மேலே எடுத்தேன்; மூக்கைத் திருப்பியது; ட்ராட்டுக்கு இறங்கியது. இரண்டாம் முறை காலால் தொடாமல் குரல் மட்டும் கொடுத்தேன். எடுத்தது. பதினோரு அடி எண்ணினேன். நிறுத்தி, இறங்கி, வாரைத் தளர்த்தி, நடத்தியே லாயத்துக்குக் கூட்டி வந்தேன். சேணத்தை அவிழ்த்ததும் முதுகைத் தடவிப் பார்த்தேன். ஈரம் முழுவதும் சீராகப் பரவியிருந்தது.

மாசிவீதிப் பெரியவர்

பதினோரு அடி போதும், தம்பி. இந்த மாதம் முழுவதும் அதற்கு மேல் கேட்காதீர்கள். முதுகுத் தசை வலுப்பட மூன்று மாதமாவது ஆகும். தசை நிரம்பும்போது முதுகின் வடிவமும் மாறும் என்பதால் அப்போது கம்பி வைத்து மறுபடி அளவெடுக்க வேண்டும். சித்திரை வெயில் தொடங்கிவிட்டால் காலை ஏழு மணிக்குள் சவாரியை முடித்துவிடுங்கள்.

ஒத்தக்கடைக்காரன்

அப்படியே செய்கிறேன், ஐயா. பழைய சேணத்தை நல்ல விலைக்கு ஒருவர் கேட்டார். அவருடைய குதிரையைப் பார்க்காமல் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஈயக் கம்பியை எடுத்துக்கொண்டு அவருடைய லாயத்துக்குப் போகிறேன்.